அம்மாவின் பிடி பத்து கிலோ

இந்த ஷட்டரைக் கொஞ்சம் இறக்கி விடும்மா, சாரல் உள்ள அடிக்குது. நான் ரெண்டு தடவை இழுத்துப் பாத்துட்டேன், துருப்பிடிச்சுப் போயிருக்கு, அசைய மாட்டேங்குது. ஓ, வந்துருச்சா? உனக்கு வருது. சரி. கவர்மென்ட் பஸ்னா இப்படித்தான், ஆளைப் பாத்து வேலை செய்யும்.

எங்க போற, திருமங்கலமா? நானும் அங்கதான். காலேஜா? நல்லாப் படி. பயந்துக்காத, நான் வாத்தியார். நடுநிலைப் பள்ளி ஹெட்மாஸ்டர், செல்லப்பாண்டின்னு பேரு. இருபத்தெட்டு வருஷ சர்வீஸ். பேச்சு கொஞ்சம் நீளும், அது தொழில்ல வந்த பழக்கம். உனக்குத் தூக்கம் வந்தா தூங்கு. நான் பாட்டுக்குச் சொல்லிட்டு வர்றேன். இன்னைக்கு யார்கிட்டயாவது சொல்லலைன்னா எனக்கு நெஞ்சு அடைச்சுப் போயிரும்.

காலையில நான் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஒத்தையா வந்தேன். சாயந்திரம் அம்மாவைக் கூட்டிக்கிட்டு ரெண்டு பேராத் திரும்பறதா இருந்துச்சு. இப்பப் பாரு, ஒத்தையாத்தான் போறேன். எங்கம்மா வரமாட்டேன்னுட்டாங்க. மகன் வீட்டுக்கு வரமாட்டாங்களாம். மக வீட்டுலதான் இருப்பாங்களாம். எழுபத்தி நாலு வயசு. ஊர்ல கேக்குறவன் என்ன நினைப்பான்? இவன் அம்மாவை விரட்டி விட்டுட்டான்னுதானே நினைப்பான்?

நான் என்ன குறை வெச்சேன், நீயே சொல்லு. நீ மூணாவது ஆளு, உனக்கு எந்தப் பக்கமும் இல்ல. கேட்டுட்டுச் சொல்லு.

எங்கம்மா, சீனியம்மாள்னு பேரு, எங்க ஊர் ஸ்கூல்ல சத்துணவு சமையலரா இருந்தாங்க. இருநூறு பிள்ளைக்குச் சோறு. அந்த அலுமினிய அண்டாவை, பழைய சாக்கை ரெண்டு கையிலயும் சுத்திக்கிட்டு, அடுப்புல இருந்து இறக்கிச் சாய்ச்சு வடிப்பாங்க. பக்கத்துல யாரும் போக முடியாது, அப்படி ஆவி. நானும் வரிசையில தட்டோட நிப்பேன். சொந்த மகன்னு எனக்கு ஒரு கரண்டி அதிகமாப் போட்டது கிடையாது. அங்க நிக்கும்போதே நினைச்சேன்: நான் ஒரு வேலைக்குப் போயிட்டா இந்தக் கை எதையும் தூக்கக் கூடாது. நினைச்சதைச் செஞ்சேன். எத்தனை பேரு செய்யறான், சொல்லு?

அப்பா போன பிறகும் ஊர்லயே தனியா இருந்தாங்க. மூணு வருஷத்துக்கு முன்னாடி நான்தான் வம்படியாக் கூட்டிட்டு வந்தேன். தனி ரூம். காத்தோட்டம். குனியக் கூடாதுன்னு கட்டிலோட நாலு காலுக்கும் அடியில மரக்கட்டை வெச்சு உசத்தினேன். என் வீட்டுக்காரி சுகந்திகிட்ட முதல் நாளே சொல்லிட்டேன். "இந்த வீட்டுல எங்கம்மா ஒரு துரும்பைக் கூட எடுக்கக் கூடாது. தண்ணி வேணும்னா தண்ணி கைக்கு வரணும்." சுகந்தி, "அவங்களா எந்திரிச்சு எடுத்தா நான் என்ன செய்ய?"ன்னா. "எந்திரிக்க விடாத"ன்னேன்.

தட்டைக் கழுவ எடுத்துட்டுப் போனா நான் பாதியில வாங்கிருவேன். கீழ கிடக்கிற பேப்பரைக் குனிஞ்சு எடுக்கப் போனா ஓடிப் போய் எடுத்துக் கொடுப்பேன். என் சக வாத்தியாருங்க எல்லாம், "சார் மாதிரி அம்மாவைத் தாங்குற ஆளை நாங்க பாத்ததில்ல"ம்பாங்க. நான் சொல்லச் சொல்லிக் கேட்டதில்ல. அவங்களாச் சொல்றாங்க.

ஆனா அம்மா என்ன பண்ணாங்க தெரியுமா? இதை நான் வெளிய சொன்னதே இல்ல. உன்கிட்டச் சொல்றேன்.

என் ஸ்கூல் வீட்டுல இருந்து பத்து நிமிஷ நடை. தினம் காலையில பத்து மணிக்கு மேல, "கோயிலுக்குப் போயிட்டு வர்றேன்"னு கிளம்பிருவாங்க. சரி, வயசான காலத்துல சாமி கும்பிடட்டும்னு விட்டுட்டேன். எங்க போயிருக்காங்க? என் ஸ்கூலுக்கு! பின் கேட் வழியா! எங்க சத்துணவுக் கூடத்துல ஒச்சம்மான்னு ஒரு சமையலர். உதவிக்கு ஆள் இல்லாம ஒண்டியாக் கிடந்து அல்லாடுறா. அம்மா போய் அவளோட சேந்து அண்டா இறக்கி, சாம்பார் கிண்டி, பிள்ளைக்குப் பரிமாறி, பன்னெண்டரைக்குக் கையைக் கழுவிட்டு வீட்டுக்கு வந்து கட்டில்ல உக்காந்துக்குவாங்க. ஒரு நாள் ரெண்டு நாள் இல்லம்மா. எட்டு மாசம்.

நான் எப்படிப் பாக்காம இருந்தேன்னு கேக்குறியா? நான் ஆபீஸ் ரூம்ல இருக்கிற ஆளு. கூடம் பின்னாடி இருக்கு. தினம் மதியம் ஒரு தட்டு எனக்கு வரும். நாங்க ருசி பாத்து, நோட்டுல எழுதிக் கையெழுத்துப் போட்டாத்தான் பிள்ளைங்களுக்குப் போடணும், அது விதி. எட்டு மாசமும் நான் சாப்பிட்டுப் பாத்து, "தரம் நன்று"ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கேன். சாம்பார் நல்லாத்தான் இருந்துச்சு, அதை மறுக்கல. ஒச்சம்மா தேறிட்டாளேன்னு நினைச்சேன்.

ஒரு நாள் வட்டாரக் கல்வி அலுவலர் திடீர் விசிட். அவரும் சாப்பிட்டுப் பாத்தார். "சார், இந்தச் சாம்பார் யாரு வெச்சது? கூப்பிடுங்க, பாராட்டணும்"னார். ஒச்சம்மா வர்றா, பின்னாடியே எங்கம்மா வர்றாங்க. சேலையை இழுத்துச் சொருகி, நெத்தியெல்லாம் வேர்வை, கையில இவ்ளோ நீளக் கரண்டி. "இது யாரு?"ங்கிறார் அதிகாரி. நான் வாயத் திறக்கிறதுக்குள்ள அந்த ஒச்சம்மா, "நம்ம ஹெச்.எம். சாரோட அம்மாங்கய்யா"ங்கிறா. அவ சந்தோஷமாச் சொல்றா! நான் நின்ன இடத்துல அப்படியே கூசிப் போயிட்டேன். ஹெட்மாஸ்டர் தன் அம்மாவைச் சோறாக்க அனுப்பறான்னு அந்த மனுஷன் நினைச்சிருப்பாரா, மாட்டாரா?

அவர் அம்மாவைக் கும்பிட்டுட்டுத்தான் போனார். கிண்டலுக்குக் கும்பிட்டாரோ என்னவோ.

அன்னைக்கே மெமோ போட்டேன். "சமையற்கூடத்தினுள் வெளியாட்கள் நுழைதல் கண்டிப்பாகத் தடை செய்யப்படுகிறது." டைப் அடிச்சு, சீல் வெச்சு, கூடத்துக் கதவுல ஒட்டினேன். விதியில இல்லாததை நான் எழுதல. பிள்ளைங்க சாப்பிடுற இடம், சம்பந்தம் இல்லாத ஆளு வந்து போகலாமா? வீட்டுக்கு வந்து அம்மாகிட்டயும் சொன்னேன். மறுநாள் பத்து மணிக்கு எந்திரிச்சு வாசல் வரைக்கும் வந்து, நின்னு, திரும்பிப் போய் உக்காந்துட்டாங்களாம். சுகந்திதான் சொன்னா. கோயிலுக்குப் போக வேண்டியதுதானே, நான் கோயிலுக்கா தடை போட்டேன்?

இது காலாண்டுப் பரீட்சைக்கு முன்னாடி. அரையாண்டு வரைக்கும் ஒரு குறையும் இல்ல. சாஞ்சு உக்கார்ற சோபா ஒண்ணு வாங்கிப் போட்டேன். டி.வி. பக்கத்துலயே. அப்புறம் ஸ்கூல்ல பழைய கைமணி ஒண்ணு கிடந்துச்சு, அதைப் பாலிஷ் போட்டுக் கொண்டு வந்து பக்கத்துல வெச்சேன். "அம்மா, என்ன வேணும்னாலும் இதை அடி. யாராவது ஓடி வருவோம்"னேன். ஒரு தடவை கூட அடிக்கல. எதுவும் தேவைப்படலைன்னுதானே அர்த்தம்? அந்த அளவுக்கு நான் பாத்துக்கிட்டேன்.

ஆனா அந்தப் பொங்கல் லீவு இருக்கே. காலையில குளியலறைக்குப் போனவங்க வரல. பத்து நிமிஷம், இருபது நிமிஷம். "அம்மா?"ங்கிறேன். "இருய்யா, வர்றேன்"ங்கிறாங்க. அரை மணி நேரம். "அம்மா?" "வர்றேன்னு சொல்றேன்ல." நாப்பதாவது நிமிஷம் கதவை உடைச்சேன். அந்த உசரமான டாய்லெட்டுல உக்காந்த மேனிக்கு இருக்காங்க. எந்திரிக்க முடியல. அடி கிடையாது, விழல, மயக்கம் இல்ல. வெறுமனே எந்திரிக்க முடியல. மணி சோபா மேல இருக்கு.

எலும்பு டாக்டர் எல்லாம் பாத்துட்டு எலும்பு நல்லா இருக்குன்னுட்டார். சுகர் நார்மல், பிரஷர் நார்மல். "பிசியோதெரபிக்குப் போங்க"ன்னார். அங்க ஒரு பொண்ணு, ரெஜினான்னு பேரு, உன்னை விட அஞ்சாறு வயசு மூத்தவளா இருப்பா. அம்மா கையில பிடியோட பலத்தை அளக்குற ஒரு மெஷினைக் கொடுத்து, "அமுக்குங்க பாட்டி"ன்னுச்சு. முள்ளு பதினொண்ணுல நின்னுச்சு. பதினோரு கிலோவாம். அம்மா வயசுக்குப் பதினாறு, பதினெட்டாவது வரணுமாம். அப்புறம் நாற்காலியில உக்கார வெச்சு, கையைக் கட்டிக்கிட்டு அஞ்சு தடவை எந்திரிச்சு உக்காரச் சொன்னுச்சு. அம்மா ஒரு தடவை பாதி எந்திரிச்சாங்க. தொப்புன்னு உக்காந்துட்டாங்க.

அந்தப் பொண்ணு என்னைக் கேக்குது. "சார், வீட்டுல அம்மா என்ன வேலை செய்வாங்க?"

"ஒண்ணும் செய்ய மாட்டாங்க. ஒரு துரும்பைக் கூட எடுக்க விட மாட்டேன்"னேன்.

எழுதிக்கிட்டு இருந்ததை நிறுத்திட்டு என்னையே பாத்துச்சு. "சார், நீங்க ரெஸ்ட்டுன்னு நினைச்சது அவங்க தசையைக் கரைச்சிருச்சு. இந்த வயசுல பயன்படுத்தலைன்னா ரொம்ப வேகமாப் போயிடும். சுகர், பிரஷரை விட எனக்கு இந்த நம்பர்தான் பயமா இருக்கு. கால்ல பலம் இல்லைன்னா விழுவாங்க. விழுந்தா படுப்பாங்க. படுத்தா எந்திரிக்க வைக்கிறது கஷ்டம்"னு என் மூஞ்சிக்கு நேராச் சொல்லுது. அம்மாவை வெச்சுக்கிட்டே சொல்லுது! நான் எத்தனை பேருக்குப் பாடம் நடத்தியிருப்பேன். எல்லாப் பாடத்துலயும் பாஸ், ஒண்ணுல மட்டும் ஃபெயிலுன்னா பேப்பர் திருத்தினவங்களையும்தானே பாக்கணும்?

இருந்தாலும் சொன்னதைச் செய்யணும். நான் செஞ்சேன். நாற்காலியில உக்காந்து எந்திரிக்கிறது பத்துத் தடவை, தினம் மூணு வேளை. பந்தை அமுக்கறது. கணுக்கால்ல அரைக் கிலோ மணல் பையைக் கட்டிக் காலைத் தூக்கறது. நான் ஒரு பதிவேடு போட்டேன். தேதி, நேரம், எண்ணிக்கை, கையொப்பம். ஆறு வாரம், ஒரு கட்டம் கூடக் காலி இல்ல. ஒரு நாள் கூட!

எப்படிச் செஞ்சோம்னா, அம்மா எந்திரிக்கச் சிரமப்படுறாங்கல்ல, நான் பின்னாடி நின்னு அக்குள்ல ரெண்டு கையையும் கொடுத்துத் தூக்கி விட்டுருவேன். பத்துத் தடவையும். ஒரு நாளைக்கு முப்பது. எனக்கு முதுகே போச்சு. பந்து கொஞ்சம் கெட்டியா இருந்துச்சு, அமுக்கும்போது அவங்க முகம் சுருங்கறதைப் பாக்க முடியல, கடைக்குப் போய் மெத்துன்னு பஞ்சுப் பந்தா வாங்கியாந்தேன். அந்த மணல் பையை வாசல்ல கொட்டிப் பாதியாக் குறைச்சேன். யாரு இவ்வளவு பாடுபடுவா?

அப்புறம் திரும்பப் போய் அதே மெஷினை அமுக்கினா, பத்து! ஆறு வாரம் கழிச்சுப் பதினொண்ணு பத்தாகியிருக்கு. பதிவேட்டை எடுத்து மேசையில வெச்சேன். "பாரும்மா, எல்லாம் டிக் ஆகியிருக்கு. எப்படிக் குறையும்? உங்க மெஷின்ல கோளாறு"ன்னேன். ரெஜினா அந்த மெஷினைத் தானே அமுக்கிக் காட்டுச்சு. முப்பதோ என்னவோ வந்துச்சு. "சார் நீங்க அமுக்கிப் பாக்குறீங்களா?"ன்னுச்சு. எனக்கு எதுக்கும்மா? பேஷன்ட் நானா? வந்துட்டேன்.

அந்த நேரம் பாத்து எந்தங்கச்சி வந்து சேந்தா. தவமணி. ஸ்ரீவில்லிபுத்தூர்ல இட்லி மாவு அரைச்சு, பாக்கெட் போட்டுக் கடைகளுக்கு விக்கிறா. மாப்பிள்ளை டெலிவரி. நான் அம்மாவைத் தூக்கித் தூக்கி உக்கார வெச்சுக்கிட்டு இருக்கேன், இவ கதவுல சாஞ்சுக்கிட்டுப் பாக்குறா.

"அண்ணே, எக்சர்சைஸ் அம்மாவுக்கா உனக்கா?"

"தெரியாம பேசாத."

"இல்லண்ணே, ஆறு வாரமாத் தூக்கியிருக்க, உன் கையாவது தேறியிருக்கணும். அதுவும் தேறக் காணோமே."

சுகந்தி அடுப்படியில சிரிக்கிறா, எனக்குக் கேக்குது. அன்னைக்கே தவமணி, "பத்து நாள் வெச்சிருந்து அனுப்பறேன்"னு அம்மாவைக் கார் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிட்டா. அம்மா காருல ஏறும்போது நான் தூக்கித்தான் உக்கார வெச்சேன். அந்தப் பத்து நாள்தான் இன்னைக்கு நாலு மாசம்.

போன மாசம் ஒரு கல்யாண வீடு. பந்தியில எதுத்தாப்புல எங்க பெரியப்பா மகன். சாம்பாரை ஊத்தும்போது சத்தமாக் கேக்குறான். "ஏப்பா ஹெட்மாஸ்டரு, சித்தி மக வீட்டுச் சோத்துக்குப் போயிருச்சாமே, உங்க வீட்டுல உலை வைக்கறதில்லையா?" பந்தியே திரும்பிப் பாக்குது. எனக்குச் சோறு இறங்குமா? மகன் இருக்கும்போது மக வீட்டுல போய் இருக்கறது எங்க பக்கத்துல பெரிய குறைம்மா. நீ படிச்ச பொண்ணு, உனக்கு அது தப்பாத் தெரியாது. எனக்குத் தெரியுதே.

அதுவும் பொறுத்தேன். நேத்து சாயந்திரம் தவமணி போன்ல ஒரு வீடியோவைப் போட்டிருக்கா, ஊர் பூராப் பாக்கற மாதிரி. எங்கம்மா ரெண்டு கையிலயும் மாவு வாளியோட நடந்து போறாங்க. கீழ என்ன எழுதியிருக்கா தெரியுமா? "எங்க கடையின் புதுத் தொழிலாளி." அதுக்கு நாப்பது பேரு சிரிப்புப் பொம்மை, கைதட்டுப் பொம்மை. எனக்கு எப்படி இருக்கும், சொல்லு. எந்தக் கை எதையும் தூக்கக் கூடாதுன்னு நினைச்சேனோ, அந்தக் கையில ரெண்டு வாளி. விடிஞ்சதும் பஸ் ஏறிட்டேன்.

போனா, கொல்லைப்புறத்துல அம்மா. வீடியோ பொய்யா இருக்கும்னு ஒரு நப்பாசை இருந்துச்சு. பொய்யில்ல. ஒரு வாளியைத் தரையில இருந்து எடுத்துத் திண்டு மேல வைக்கப் போறாங்க. நான் ஓடிப் போய்ப் பிடிக்கக் கையை நீட்டினேன்.

"தொடாத"ன்னாங்க.

அவ்வளவுதான். மூச்சைப் பிடிச்சுத் தூக்கி, திண்டுல வெச்சுட்டு, அப்புறம்தான் திரும்பி, "வாய்யா, சாப்பிட்டியா?"ங்கிறாங்க. என் அம்மா என்னை அப்படிச் சொன்னதே கிடையாது. அடி வாங்கின மாதிரி நின்னேன்.

அப்புறம் தவமணியைப் பிடிச்சேன். "வயசான மனுஷியை வெச்சு வேலை வாங்கறியே, மனசாட்சி இருக்கா?"ன்னேன். அவ "அம்மா, அண்ணனுக்குக் காட்டு"ன்னா. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டாங்க. அம்மா உக்காந்து, கையை நெஞ்சுல கட்டிக்கிட்டாங்க. ஒண்ணு. ரெண்டு. நான் ஆறுல பக்கத்துல போனேன், முறைச்சாங்க, நின்னுட்டேன். பத்து. மூச்சு வாங்குச்சு, இல்லைன்னு சொல்லல. ஆனா பத்து. முதல்ல தண்ணி பாட்டிலைத் தூக்கினாங்களாம். அப்புறம் கால் வாளி, அரை வாளி. ரெஜினா வாரம் ஒரு தடவை போன்ல பாத்துச் சொல்லிக் கொடுக்குதாம். எனக்குத் தெரியாம! என் பேஷன்ட்! போன மாசம் அங்க ஏதோ மருத்துவ முகாம்ல கையை அமுக்கிப் பாத்ததுல பதினேழாம். மெஷினுக்கு மெஷின் மாறும், அதை நான் பெருசா எடுத்துக்கல.

"சரி, தேறிட்ட. சந்தோஷம். கிளம்பு, வீட்டுக்குப் போவோம்"னேன்.

"நான் வரலய்யா."

"ஏன்? நான் என்ன குறை வெச்சேன்?"

"குறையே வைக்கல. அங்க வந்தா என்னைய உக்கார வெச்சுருவ."

"உக்காந்து சாப்பிடத்தானேம்மா இத்தனை வருஷம் பாடுபட்ட?"

அதுக்கு அவங்க சொன்னது, இப்ப உன்கிட்டச் சொல்லும்போதும் எனக்குத் தாங்கல. "அன்னைக்குக் கக்கூசுல நாப்பது நிமிஷம் உக்காந்திருந்தேன்ல. நீ கதவைத் தட்டிக்கிட்டே இருந்த. நான் என்ன நினைச்சேன் தெரியுமா? இனிமே இதுக்கும் எம்மவன் வந்து தூக்கி விடணுமேன்னு நினைச்சேன். அந்த நாப்பது நிமிஷமும் எந்திரிக்கப் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."

"பெத்த மகன் தூக்கி விட்டா என்னம்மா தப்பு?"ன்னேன். நியாயம்தானே? அவங்க அந்த நாற்காலியைக் காட்டி, "நீ உக்காரு"ன்னாங்க. உக்காந்தேன். "கையைக் கட்டிக்கிட்டு எந்திரி"ன்னாங்க.

எதுக்குங்கிறேன். "எந்திரிய்யா"ங்கிறாங்க. விளையாட்டுக்குத்தானேன்னு எந்திரிச்சேன். மூணு தடவை எந்திரிச்சேன். நாலாவது, கொஞ்சம்… அது ரொம்பத் தாழ்வான நாற்காலிம்மா. வேட்டி வேற கால்ல சுத்திக்கிச்சு. அஞ்சு மணிக்கு எந்திரிச்சு பஸ்ல குலுங்கி வந்திருக்கேன். கையை ஊனினேன். ஐம்பத்தாறு வயசு ஆளு கையை ஊனித்தானே எந்திரிப்பான்? எல்லாரும் ஊனத்தானே செய்வாங்க?

தவமணி சிரிச்சுட்டா. அம்மா சிரிக்கல. என் முழங்காலையே பாத்துக்கிட்டு நின்னாங்க. "உங்கப்பனுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுச்சு. நீ கமுதிப் பக்கம் வேலையில இருந்த, லீவுக்கு வந்து எட்டிப் பாத்துட்டுப் போவ. மூணு வருஷம் படுக்கையில நான்தான் புரட்டிப் போட்டேன்"னாங்க. அந்தக் கண்ணுல… கோபம் இல்லம்மா. கோபமா இருந்தா நான் சண்டை போட்டிருப்பேன். பயந்துட்டாங்க. என்னைப் பாத்துப் பயந்துட்டாங்க. அவங்களை நான் கூட்டிட்டு வரப் போனா, அவங்க எனக்காகப் பயப்படுறாங்க. இதுக்கா நான் ஒரு ஞாயித்துக்கிழமையை வீணாக்கினேன்?

அதுக்கு அப்புறம் மோரை மட்டும் குடிச்சுட்டுக் கிளம்பிட்டேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வர்றேன்னாங்க. வேண்டாம், வழியில மேடும் பள்ளமுமாக் கிடக்குன்னேன். எனக்கு முன்னாடி நடந்து போறாங்க. நான் பின்னாடி வர்றேன்.

இரு, போன் அடிக்குது. அவங்கதான்.

ஹலோ. ஆமாம்மா, பஸ்லதான். கல்லுப்பட்டி வந்தாச்சு. இடம் கிடைச்சிருச்சு, உக்காந்துதான் வர்றேன். இல்ல, கோபம் எல்லாம் இல்ல. இல்லைன்னு சொல்றேன்ல. என்ன? அடுத்த ஞாயிறா? வர்றேன், வந்து பாக்கத்தானே செய்வேன். ஆறு மணிக்கா? காலையில ஆறு மணிக்கு எதுக்கு? யாரு, நானா? அம்மா, நான் ஒரு ஸ்கூல் ஹெட்மாஸ்டர்ம்மா. தெருவுல என் ஸ்டூடன்ட் யாராவது பாத்தா? வேட்டி வேண்டாம்னா வேற என்ன, கைலியா? அரை வாளியா? கால் வாளி கூடப் போதுமா? அம்மா, நான் என்ன சின்னப் பிள்ளையா, ஹலோ? ஹலோ?

வெச்சுட்டாங்க.

கேட்டியா அநியாயத்தை? அடுத்த ஞாயித்துக்கிழமை காலையில ஆறு மணிக்கு வந்து மாவு வாளி தூக்கணுமாம். பக்கத்துலயே நின்னு பாப்பாங்களாம், தொட மாட்டாங்களாம். இருபத்தெட்டு வருஷ சர்வீஸ். பெரியப்பா மகன் காதுல விழுந்தா அடுத்த பந்தியில என்ன கேப்பான்?

போறதாவது. ஒரு அரசு ஊழியன் விடியறதுக்கு முன்னாடி பஸ் ஏறிப் போய்… அதெல்லாம் நடக்காது.

ஆனா ஒண்ணு. நான் போகலைன்னா அந்த வாளியையும் சேத்து அவங்களே தூக்கிருவாங்க. பிடிவாதம். அதையும் யோசிக்கணும். மேற்பார்வைன்னு யாராவது ஒருத்தர் இருக்கணுமா இல்லையா?

நீ இந்த ரூட்ல வாராவாரம் போயிட்டு வர்றவதானே? ஞாயித்துக்கிழமை திருமங்கலத்துல இருந்து இந்தப் பக்கம் வர்ற முதல் பஸ் எத்தனை மணிக்கும்மா? சும்மா, தெரிஞ்சு வெச்சுக்கத்தான் கேக்குறேன்.